கரண்ட் ஓட வேண்டும், பிறகு அறுபட வேண்டும்: பழைய காரில் ஸ்பார்க் வராதபோது

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை ஈரமாக இருக்கிறது, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம். எரிய வேண்டியது உள்ளே வந்துவிட்டது, பற்றவைக்கப் பொறிதான் வரவில்லை.

இந்த இடத்தில் பலரும் சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டத் தொடங்குவார்கள். முதன்முதலில் என் காரில் ஸ்பார்க் போனபோது நானும் அதைத்தான் செய்தேன். காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக் என்று எல்லாம் புதிது. அப்புறமும் கார் கிளம்பவில்லை. இரண்டு நாள் தேடியபின் தெரிந்தது: பாயிண்டை மாட்டும்போது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருந்தேன். பழைய பழுது போய்ப் புதுப் பழுது வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வாஷர் அங்கே எதற்கு இருக்கிறது என்று புரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அதனால் எதைக் கழற்றுவது, எதை மாற்றுவது என்பதற்கு முன்னால் பொறி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நான் இங்கே பேசுவது டிஸ்ட்ரிபியூட்டரும் பாயிண்டும் உள்ள கார்களைப் பற்றி. பானெட்டைத் திறந்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு கறுப்பு மூடியும், அதிலிருந்து கிளம்பும் தடித்த ஒயர்களும் தெரியும். நான்கு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஐந்து ஒயர்: நான்கு பிளக்குகளுக்குப் போகும், நடுவில் உள்ளது காயிலிலிருந்து வரும். இந்த அமைப்புக்கு வழி வகுத்தவர் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1910-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்த அவருடைய ஏற்பாடு, 1970-களில் எலக்ட்ரானிக் இக்னிஷன் பரவும் வரை அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. ஒரு பழைய காரில் இதைக் கற்றுக்கொண்டால் கிட்டத்தட்ட எல்லாப் பழைய காரிலும் கைகொடுக்கும்.

பொறி எப்படிப் பிறக்கிறது

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும், இன்ஜினுக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும்போது 10,000 வோல்ட்டும் அதற்கு மேலும்கூடத் தேவைப்படும். இந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதுதான் காயிலின் வேலை.

காயிலுக்குள் இரும்புத் தண்டைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று, அது பிரைமரி. இன்னொன்று முடிபோல மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று, அது செகண்டரி. சாவியைத் திருப்பினால் பேட்டரி கரண்ட் பிரைமரி வழியாகப் போய், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மறுமுனையோடு இணைந்த இன்ஜின், பாடி உலோகத்துக்கு, இறங்குகிறது. பாயிண்ட் என்பது ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். அது மூடியிருக்கும்போது கரண்ட் ஓடுகிறது, காயிலில் காந்தப்புலம் நிறைகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் முட்டு வந்து பாயிண்டைத் தள்ளித் திறந்த அந்தக் கணத்தில் கரண்ட் அறுபடுகிறது. நிறைந்திருந்த காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் செகண்டரியில் பெரிய மின்னழுத்தத்தை எழுப்புகிறது.

வேகமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் குழாய் "டொம்" என்று அதிரும், கேட்டிருப்பீர்கள். தண்ணீர் அமைதியாக ஓடும்போது அந்த அடி இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தும்போதுதான் அது வருகிறது. காயிலிலும் அதே கதை. கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் பொறி கிடையாது. ஓடாமலே இருந்தாலும் கிடையாது. ஓட வேண்டும், பிறகு அறுபட வேண்டும்.

கண்டென்சர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் லேசில் விடாது, திறந்த இடைவெளியையும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அப்படிக் குதித்தால் அறுபடுவது மெதுவாகிவிடும், செகண்டரியில் அழுத்தம் எழும்பாது, பாயிண்டும் கருகிப் போகும். கண்டென்சர் அந்தக் கணத்தில் கரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாயிண்ட் சுத்தமாகத் திறக்க இடம் கொடுக்கிறது.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், இந்த "ஓடு, அறு" என்பது ஒரு நொடிக்கு 100 முறை நடக்கிறது. ஒரு சிறு உலோகக் குமிழ் இன்னொன்றின் மேல் நொடிக்கு 100 முறை உட்கார்ந்து எழுவதை நினைத்துப் பாருங்கள். பாயிண்ட் ஏன் தேய்கிறது, ஏன் அடிக்கடி அதையே முதலில் சந்தேகப்படுகிறோம் என்பது விளங்கும்.

முதலில் உண்மையிலேயே ஸ்பார்க் இல்லையா?

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, வாசம் போகும் வரை பொறுங்கள். நாம் வேண்டுமென்றே பொறி வரவழைக்கப் போகிறோம், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. கழற்றிய பிளக் துளைக்குப் பக்கத்திலும் பொறி காட்ட வேண்டாம். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்க வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரை மூடியிலிருந்து உருவுங்கள். அதன் உலோக முனையை, இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்திலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள். நல்ல காப்புள்ள கொறடு வேண்டும், அல்லது ஒயர் அசையாதபடி காய்ந்த மரத்துண்டு வைத்து அணைத்துவிடலாம். இன்னொருவரை உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

நல்ல பொறி நீலமாக இருக்கும், "டக், டக்" என்று சத்தம் காதில் விழும். பகல் வெளிச்சத்திலும் தெரியும். மஞ்சளாக, மெலிசாக, சத்தமே இல்லாமல் வந்தால் அதை நம்பாதீர்கள்: வெளிக்காற்றில் தட்டுத்தடுமாறி வரும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் வராது. ஒயர் முனையை 2 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் என்று தள்ளிப் பிடித்து எவ்வளவு தூரம் குதிக்கிறது என்று சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். வெளியே போக வழி இல்லாத மின்னழுத்தம் காயிலுக்குள்ளேயே குதித்துக் காப்பைத் துளைத்துவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் பாயிண்டுக்குப் பதிலாகக் கரண்டை அறுக்கும் மாட்யூலும் சேர்ந்து போகலாம்.

இந்தச் சோதனையில் நீலப் பொறி வந்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் தன் வேலையைச் செய்கின்றன. பழுது அதற்கு அப்பால்: மூடி, அதற்குள் சுற்றிப் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துவிடும் ரோட்டார், பிளக் ஒயர், பிளக். பொறி வரவில்லை என்றால் பெரும்பாலும் இந்தப் பக்கம். இதற்குள் பாதி காரை விலக்கிவிட்டோம், ஒரு ஸ்க்ரூவும் கழற்றவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. காயிலிலிருந்து வரும் அந்த நடு ஒயரே உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். கார்பன் இழை ஒயர்கள் வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்ளே விட்டுப்போகும். வேறு நல்ல ஒயர் இருந்தால் அதை மாட்டி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பொறி இல்லை என்று முடிவுகட்டுங்கள்.

டெஸ்ட் லேம்ப் சொல்லும் மூன்று பதில்

இப்போது கையில் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால் போதும். 12 வோல்ட் சின்ன பல்பு, அதற்கு இரண்டு ஒயர், ஒன்றில் கிளிப், இன்னொன்றில் ஊசி முனை. மல்டிமீட்டர் இருப்பவர்கள்கூட இந்தச் சோதனைக்கு லேம்பையே எடுப்பது நல்லது. செல்ஃப் சுற்றும்போது மீட்டரின் எண்கள் தாறுமாறாக ஓடும், ஒன்றும் பிடிபடாது. லேம்ப் கண்ணெதிரே மினுக்கிக் காட்டும்.

கிளிப்பை இன்ஜினில் நல்ல எர்த்தில் மாட்டுங்கள். முதலில் பேட்டரி பிளஸ்ஸில் ஊசியை வைத்து லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். எரியாத லேம்பை வைத்துக்கொண்டு காரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. சில பழைய கார்களில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த் ஆகியிருக்கும். அங்கே எர்த் ஆகாத மறுமுனையில் வைத்துப் பாருங்கள், காயிலிலும் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: ஒரு முனை சாவியிலிருந்து வரும், மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும்.

சாவியைப் போட்டு, காயிலில் சாவியிலிருந்து வரும் முனையில் ஊசியை வையுங்கள். எரியவில்லை என்றால் கரண்ட் காயில் வரைக்குமே வரவில்லை. சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், இடையில் உள்ள கனெக்டர், பாலஸ்ட் ரெசிஸ்டர் (சில கார்களில் மட்டும் இருக்கும், பின்னால் சொல்கிறேன்) இவற்றில் ஒன்று. ஒயரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே லேம்ப் எரிகிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது இருக்கும்.

எரிந்தால் ஊசியை மறுமுனைக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு மாற்றுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். லேம்பையே பாருங்கள்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது இந்த முனை எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் லேம்ப் அணையும். திறக்கும்போது கரண்டுக்கு லேம்ப் வழியாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை, அதனால் எரியும். ஆகவே செல்ஃப் சுற்றும்போது லேம்ப் மினுக் மினுக் என்று துடித்தால் கரண்ட் ஓடுகிறது, அறுபடுகிறது, இரண்டும் நடக்கிறது. நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான் இது. துடிப்பு இருந்தும் பொறி இல்லை என்றால் காயிலின் செகண்டரி, அந்த நடு ஒயர், கண்டென்சர் இந்த மூன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

துடிக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் கரண்ட் எர்த்துக்கு இறங்கவே இல்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடினாலும் அழுக்கு தடுக்கிறது, அல்லது காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயர் அறுந்திருக்கிறது.

எரியவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று. காயிலின் பிரைமரி உள்ளே அறுந்து, கரண்ட் இந்த முனைக்கு வந்து சேரவில்லை. அல்லது வந்து சேர்ந்த கரண்ட் எப்போதும் எர்த்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. எது என்று அறிய, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு, காயில் முனையில் மறுபடியும் லேம்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயில் தப்பித்தது, பழுது டிஸ்ட்ரிபியூட்டருக்குள். அப்போதும் எரியாவிட்டால் காயில் மாற்ற வேண்டியதுதான். காயிலின் இதே முனையில் ஆர்.பி.எம். மீட்டருக்குப் போகும் ஒயர் ஒன்றும் இருந்தால் அதையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அந்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் இன்ஜின் மொத்தமாக நின்றுவிடும், யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மூடியைக் கழற்றி உள்ளே

பெரும்பாலான பழைய கார்களில் விடை இங்கேதான் கிடைக்கிறது. அதனால் இந்த இடத்தில் நிதானமாக இருங்கள்.

மூடியின் இரண்டு கிளிப்புகளையும் தட்டிவிட்டு மூடியைத் தூக்கி ஓரமாக வையுங்கள், பிளக் ஒயர்களை உருவ வேண்டாம். முதலில் செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டார் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் பழுது கரண்டில் இல்லை: டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் பல்சக்கரம் உடைந்திருக்கலாம். இனி செல்ஃப் அடிக்காமல் அதை முதலில் பார்க்க வேண்டும்.

சுற்றினால் ரோட்டாரை உருவிவிட்டு, பாயிண்டின் இரண்டு முகங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாதம் நிறுத்திவைத்த கார் என்றால் முகங்கள் மங்கிச் சாம்பல் பூத்தது போல இருக்கும். அந்த மெல்லிய படலம் போதும், 12 வோல்ட்டைத் தடுத்துவிடும். ஓடிக்கொண்டிருந்த கார் என்றால் ஒரு முகத்தில் சின்ன மேடும் எதிர் முகத்தில் அதற்கு ஏற்ற குழியும் இருக்கும். லேசாக இருந்தால் அது இயல்பான தேய்மானம். நீலம் பாய்ந்து, விளிம்பு உருகியது போல இருந்தால் கண்டென்சர் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், பாயிண்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் கருகும்.

சுத்தம் செய்ய, பாயிண்டுக்கென்று விற்கும் மெல்லிய அரம் நல்லது. உப்புத்தாளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன் மணல் துகள் முகத்தில் பதிந்து, பாயிண்ட் மூடினாலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் செய்துவிடும். தேய்த்த பிறகு ஒரு வெள்ளை அட்டைத் துண்டைக் கிளீனரில் நனைத்து இரண்டு முகங்களுக்கும் நடுவே வைத்து இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரை புதிது புதிதாக அட்டை மாற்றி இழுக்க வேண்டும். வேலை முடிந்தது என்று சொல்வது அந்த அட்டைதான்.

இடைவெளியும் முக்கியம். இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, பாயிண்டின் குதிகால் முட்டின் உச்சியில் ஏறி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே பாயிண்ட் திறந்திருக்கும் அளவு பல கார்களில் 0.35 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒருநாள் திறக்கவே திறக்காமல் போகும். நேற்று வரை ஓடிய கார் இன்று காலையில் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம், அப்போது லேம்ப் எரியாது. வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்கு இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம், வந்ததும் சரியாக வைத்துவிடுங்கள்.

இப்போது நான் சொன்ன வாஷருக்கு வருகிறேன். பாயிண்டின் அசையும் கை கரண்ட் உள்ள பக்கம், அசையாத தகடு எர்த் பக்கம். அசையும் கையின் ஸ்பிரிங்கும், காயிலிலிருந்து வரும் ஒயரும், கண்டென்சர் ஒயரும் ஒரே சின்ன ஸ்க்ரூவில் சேரும். அந்த ஸ்க்ரூ நிற்பதோ எர்த் ஆன தகட்டின் மேல். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது அந்தப் பிளாஸ்டிக் வாஷர் ஒன்றே. ஒயர் முனைகள் வாஷருக்கு மேலே, ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஒன்று கீழே போய்விட்டால் கரண்ட் எப்போதும் எர்த்துக்கே போகும். பாயிண்ட் அழகாகத் திறந்து மூடும், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது, பொறி மட்டும் வராது. பாயிண்ட் மாற்றியவுடன் ஸ்பார்க் இல்லை என்று யாராவது சொன்னால் நான் வேறு எதையும் கேட்பதற்கு முன் இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இதே அறிகுறியைக் காட்டுவது ஷார்ட் ஆன கண்டென்சர். அதன் ஒயரைக் கழற்றி எதையும் தொடாமல் வைத்துவிட்டு, பாயிண்டைத் திறந்து பாருங்கள். லேம்ப் எரிய ஆரம்பித்தால் குற்றவாளி அதுதான். கண்டென்சர் ஷார்ட் ஆகாமல் உள்ளே விட்டுப்போனாலோ லேம்ப் நன்றாகத் துடிக்கும், பொறி மட்டும் மஞ்சளாக வரும் அல்லது வராது. அதற்கு ஒரு சுலபமான வழி: நல்ல கண்டென்சர் ஒன்றை வெளியிலேயே மாட்டிப் பார்க்கலாம். ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும், உடலை எர்த்திலும் கிளிப் போட்டால் போதும். பொறி நீலமானால் விஷயம் முடிந்தது.

லேம்ப் எரிந்துகொண்டே இருந்து, பாயிண்டும் சுத்தமாக இருந்தால் இரண்டு ஒயர்களை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் சுவரைத் துளைத்து உள்ளே வரும் ஒயர் ஒன்று. பாயிண்ட் நிற்கும் தகட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் பின்னல் எர்த் ஒயர் இன்னொன்று. இன்ஜினின் உறிஞ்சலால் பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அமைப்பு அந்தத் தகட்டை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து செம்பு இழைகள் உள்ளேயே அறுந்துபோகும். மேலுறை முழுசாகத்தான் இருக்கும். இழுத்தால் ரப்பர் போல நீளும், அதுதான் அடையாளம்.

எல்லாம் சரிபார்த்த பிறகு, செல்ஃப் இல்லாமலே பொறி வரவழைக்கலாம். பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜினை நிறுத்துங்கள். சாவியைப் போடுங்கள். நடு ஒயரை முன்புபோல எர்த்துக்கு 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, காப்புள்ள ஸ்க்ரூடிரைவரால் பாயிண்டின் அசையும் கையைத் தட்டித் திறங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நீலப் பொறி குதிக்க வேண்டும். மூடும்போது ஒன்றும் வராது. முதன்முதலில் இதைச் செய்து பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: படித்ததெல்லாம் விரல் நுனியில் "டக்" என்று கேட்டது. புதிதாகக் கற்பவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஆனால் பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் போட்டே வைக்காதீர்கள். காயில் சூடாகும், பாயிண்டும் கெடும். பார்த்தவுடன் சாவியை எடுத்துவிடுங்கள்.

கையால் தட்டினால் பொறி வருகிறது, செல்ஃப் சுற்றும்போது வரவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். நன்றாக ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் செல்ஃப் முக்கிமுனகிச் சுற்றும், காயிலுக்குப் போதிய கரண்ட் மிஞ்சாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தாலும் இதே கதைதான்.

பொறி வருகிறது, பிளக்குக்குப் போகவில்லை

நடு ஒயரில் நீலப் பொறி, பிளக்கில் ஒன்றும் இல்லை என்றால் அது வழியில் எங்கோ தப்பித்து எர்த்துக்கு ஓடுகிறது. பெரிய மின்னழுத்தம் சுலபமான வழியைத்தான் தேடும்.

மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சிலால் கிறுக்கியது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், பொறி தனக்கென்று போட்டுக்கொண்ட பாதை அது. சுரண்டினாலும் திரும்ப வரும். மூடியை மாற்றுங்கள். நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கார்பன் குச்சி இருக்கிறதா, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். அது உடைந்து விழுந்திருப்பது அபூர்வமல்ல. மழைக்கும் குளிருக்கும் பிறகு கிளம்பாத கார் என்றால் உள்ளே ஈரம் படிந்திருக்கலாம், காய்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே போதும்.

ரோட்டாரின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு சோதனை: மூடி இல்லாமல் ரோட்டாரை அதன் இடத்தில் வைத்து, நடு ஒயரின் முனையை ரோட்டாரின் உலோகத் தகட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே பிடித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரோட்டார் நல்லதாக இருந்தால் பொறி அதன்மேல் தொடர்ந்து குதிக்காது, போக வழியில்லையே. தொடர்ந்து பொறி விழுந்தால் ரோட்டாரைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள தண்டுக்குப் போகிறது. பழைய பிளக் ஒயர்களை இருட்டில் இன்ஜின் ஓடும்போது பார்த்தால் கசியும் இடங்களில் நீலமாக மினுங்கும்.

சூடானால் நிற்பது, சாவியை விட்டால் நிற்பது

இரண்டு அறிகுறிகள் தனியாகச் சொல்ல வேண்டியவை.

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டவுடன் அணைந்துவிடுகிறது. இதைக் கேட்டாலே பாலஸ்ட் ரெசிஸ்டர் ஞாபகம் வர வேண்டும். சில கார்களில் ஓடும்போது காயிலுக்குக் குறைந்த வோல்ட் போகும்படி ஒரு ரெசிஸ்டர் இருக்கும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி நேராக முழு வோல்ட் போகும். ரெசிஸ்டர் அறுந்தால் அந்த நேர்வழி மட்டும்தான் மிச்சம். இந்த வகைக் காருக்குக் காயில் மாற்றும்போது அதற்கு உரியதையே மாட்டுங்கள். பாலஸ்ட் இல்லாத கார்களின் காயில் பிரைமரி சுமார் 3 ஓம் இருக்கும், பாலஸ்டோடு வருவது கிட்டத்தட்ட அதில் பாதி. பாலஸ்ட் காயிலை நேராக 12 வோல்ட்டில் மாட்டினால் கொதித்துவிடும்.

இன்னொன்று, அரைமணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்றுபோய், ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புவது. காயில், கண்டென்சர், எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் மாட்யூல் அல்லது அதற்குச் சைகை கொடுக்கும் பிக்கப் காயில், இவற்றில் ஒன்று சூட்டில் விட்டுப்போகிறது. ஆறிய நிலையில் எவ்வளவு சோதித்தாலும் எல்லாம் சரியாகவே காட்டும். அதனால் டெஸ்ட் லேம்பையும் கொறடையும் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோன அந்த இடத்திலேயே, காரைச் சாலையோரம் பத்திரமாக ஒதுக்கியபின், சூடு ஆறுவதற்குள் லேம்பைக் காயிலில் வையுங்கள். துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே எந்தப் பாகம் என்பது பாதி தெரிந்துவிடும். மாட்யூலை மாற்ற நேர்ந்தால் அதன் அடியில் பூசும் வெப்பப் பசையை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் புதியதும் சீக்கிரமே சூட்டில் போகும்.

கடைசியாக ஒன்று. பொறி திரும்பி வந்த பிறகும் இன்ஜின் உடனே பிடிக்காமல் இருக்கலாம். இவ்வளவு நேரம் செல்ஃப் அடித்ததில் பிளக்குகள் எல்லாம் பெட்ரோலில் நனைந்திருக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். துளைகள் திறந்திருக்கும்போது நடு ஒயரை எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துச் சில நொடி செல்ஃப் அடித்து உள்ளே தேங்கியதை வெளியே தள்ளுங்கள். பிறகு பிளக்குகளை மாட்டி, ஒயர்கள் அதனதன் வரிசையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்து, சாவியைத் திருப்புங்கள்.